விமான ஊர்வலத்தில் ஊதிய விசில்

அருளு,

‘இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல்’ என்று ஆரம்பித்தால்தான் எனக்குக் கடிதம் நகரும். ஆனால் ‘அங்கு’ என்று எழுத நீ இன்னும் எங்கேயும் போய்விடவில்லை. ஓசூருக்குத் துணிமணி எடுத்துப்போகப் பை வாங்க டவுனுக்குப் போயிருக்கிறாய். ‘இங்கு நலம்’ என்பதும் பொய். ஒரே வரியில் இரண்டு தப்பு. பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன் பேனாவைப் பிடித்தால் இப்படித்தான். உன் அம்மா எட்டிப் பார்த்து, “இன்னா, ஞாயித்துக்கெழமையும் பூ டிசைன் போட்டுக்கினு இருக்கியா?” என்றாள். ஆமாம் என்றேன். பார், கடிதத்தை ஆரம்பிப்பதற்குள் நானும் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

நாளைக் காலையில் நீ பஸ் ஏறுகிறாய். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும். திண்டிவனத்தில் அந்த விமானி ஐயாவுக்கு எடுத்த ஊர்வலத்தில் நடந்ததற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம். அதைவிட மோசம், நான்தான் என்று தெரிந்துகொண்டே அதை உன் தலையில் போட்டேன். இவ்வளவுதான் சேதி. இதை எழுத இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன், மூன்றாவதில்தான் வந்தது. மீதியையும் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் இதையும் கிழித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

நேற்று மாதா கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை வீட்டுக்கு வந்தாரே, அதுதான் என்னை இங்கே உட்கார வைத்தது. இந்த வருடத் திருவிழாத் தேரைப் பற்றிப் பேச வந்தவர், உன்னைப் பார்த்து, “இனிமே அருளுதானே தேரு ஜோடிக்கப் போறான்? உங்கப்பன் காலை நீட்டிக்கினு உக்காந்து மல்லாட்டை உரிக்க வேண்டியதுதான்” என்று கேலி பேசினார். நீ சிரிக்கவில்லை. “வேணாம் மாமா. நான் ஓசூர்ல குடோன் வேலைக்குப் போறேன். என் காதையே எனக்கு நம்ப முடியல. எவனோ பேண்டுக்காரன் ஊதின விசிலை எங்கப்பா விசிலுன்னு நெனச்சுக் கரண்டு கம்பியைத் தூக்குனவன் நானு. நாளைக்கு என்னால எவனாவது செத்துடுவான்” என்றாய். நான் உள்ளே பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். “அடேயப்பா, பெரிய மனுசன் பேச்சு” என்று அங்கிருந்தே சிரித்துவைத்தேன். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசை அடிப்பிடித்த நாற்றம் வந்த பிறகுதான் திரும்பி வந்தேன். உன் அம்மா அதற்குத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். அந்தத் திட்டு எனக்குப் போதவில்லை.

தப்பைச் சிரிப்பில் கரைக்கிற வித்தை எனக்கு எப்போதும் உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கல்யாண மேடை போட்டேன், உனக்கு ஆறு ஏழு வயது இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த நிமிடத்தில் ஒரு பக்கம் சரிந்தது. பலகைக்குக் கீழே ஒரு முட்டு வைக்க மறந்திருந்தேன். பெண் வீட்டுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் முந்திக்கொண்டு, “மாப்பிள்ளை வெயிட்டு பார்ட்டின்னு யாரும் எங்கிட்ட சொல்லலீங்களே!” என்றேன். கூட்டம் சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தார், நான் தப்பித்தேன். அந்தக் கதையை நீயே எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அன்றைக்கு ஒரு ஆள் என் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். எந்த இடத்திலும் வாய் காப்பாற்றும் என்ற தைரியம் அப்போது வந்ததுதான், போகவே இல்லை.

ஊர்வலத்துக்கு வருகிறேன். கிளியனூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்திலேயே விமானம் ஓட்டியிருக்கிறார், அவர் நினைவாகத் திண்டிவனத்தில் ஊர்வலம் எடுக்கப் போகிறோம், ஒரு விமானம் செய்து டிராக்டரில் ஏற்ற வேண்டும் என்று ஜவுளிக்கடை முதலாளி வந்து கேட்டபோது, நீதான் முதலில் துள்ளினாய். எத்தனை வருடம்தான் தேரும் கல்யாண வளைவுமே செய்வது என்றாய். அவர்களிடம் இருந்ததோ ஒரே ஒரு போட்டோ. அதில் ஐயா பக்கத்தில் இருப்பது விமானமா வைக்கோல் வண்டியா என்று சொல்ல முடியாது. நீ செல்போனில் பழைய காலத்து விமானப் படங்களைத் தேடி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை வைத்து, மூங்கில் பிளாச்சில் கட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, பழைய ஃபேனைக் கழற்றி முன்னால் சுற்றவும் விட்டாய். வாலை மட்டும் நான் கட்டினேன். கைப்பழக்கம், அது தேரின் கோபுரம் மாதிரி மேலே போய்விட்டது. முதலாளி வந்து பார்த்து, “இன்னாயா இது, மூஞ்சி ஏரோப்ளேனு, பின்பக்கம் மாதா தேரு!” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த உயரத்தை அப்போதே வெட்டியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

விழாக் கமிட்டியில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தாரே, ஊர்வலத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து நாம் வெள்ளித்தாள் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஐயாவின் கதைகளைச் சொன்னார். அந்தக் காலத்து விமானத்தில் இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்குமாம். ஐயா ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்னாலும் கீழே நின்று ஒவ்வொரு கம்பியையும் தன் விரலால் சுண்டிப் பார்ப்பாராம். வேலைக்காரர்கள் பார்த்துவிட்டோம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாராம். “அவ்ளோ பயந்த மனுசனா சார்?” என்று நான்தான் கிண்டலாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பயந்ததாலதாம்பா கெழவனாகி, கட்டில்ல படுத்துச் செத்தாரு” என்றார். நீ கையிலிருந்த தாளை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாய். நான் அடுத்த தாளுக்குப் பசை தடவினேன். கிளம்பும்போது அவர், “மேல கரண்டு கம்பியெல்லாம் இருக்கே, அதுக்கு ஏற்பாடு இருக்குதா?” என்று கேட்டார். “இருபத்தாறு வருசமாத் தேரு இழுக்கறோம் சார், நீங்க கவலையே படாதீங்க” என்றேன்.

அந்த இருபத்தாறு வருடமும் உண்மை. ஆனால் அதில் நான் பார்க்காதது ஒன்று இருந்தது. தேர்ப் பவனிக்கு முன்னாலேயே கோவில் கமிட்டி மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிடும். பவனியில் லைன்மேன் கூடவே நடப்பார். ஒரு தெருவுக்குக் கரண்டை நிறுத்தியதும் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் விசில் ஊதுவேன். மேலே நிற்கிற நீ அந்தச் சத்தத்துக்குத்தான் நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பால் கம்பியைத் தூக்கித் தேரை நுழைய விடுவாய். நீ லைன்மேனைப் பார்க்க மாட்டாய், பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லி வளர்த்தவன் நான். “நீ கம்பியைப் பாரு, காது எங்கிட்ட இருக்கட்டும்” என்பேன். கமிட்டி எழுதுகிற அந்தக் கடிதத்தை நான் ஒரு தடவையும் கண்ணால் கண்டதில்லை. தேருக்குச் சக்கரம் இருக்கிற மாதிரி, தேர் வந்தால் கரண்ட் தானாக நிற்கும் என்று என் மண்டையில் ஏறிப்போயிருந்தது. ஜவுளிக்கடைக்காரருக்கு இது முதல் ஊர்வலம். அவர் நாம் சொல்லியிருப்போம் என்று இருந்தார். நான் அவர் சொல்லியிருப்பார் என்று இருந்தேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, மின்வாரியத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. இதோடு போன வருடம் உன் கவைக்கம்பின் மரக்கவை உடைந்ததென்று, கெட்டியாக இருக்கட்டும் என இரும்பில் கவை அடித்து மாட்டினேன். அதுவும் என் மூளைதான்.

அன்றைக்கு மூன்று மணிக்கு மழை பெய்து ஓய்ந்தது. ஐந்து மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் முதுகில் அட்டை இறக்கை கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் நம்முடைய விமானம். ஸ்டேஷன் ரோட்டில் இரண்டு பக்கமும் ஜனம். நீ வாலுக்குப் பக்கத்தில் நனைந்த மூங்கில் கவைக்கம்பைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிராக்டருக்கு முன்னால் நடந்துகொண்டே, பார்க்கிறவர்களிடமெல்லாம் “எம் பையன் செஞ்சது” என்றேன். தெரு திரும்புகிற இடத்தில் குறுக்கே தாழ்ந்து ஓடின இரண்டு கரண்டு கம்பிகள். நான் லைன்மேனைத் தேடினேன். சோடாக் கடை ஓரமாகக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். என் பக்கமாகப் பார்த்து, சிரித்துக்கொண்டே, கையை நன்றாக உயர்த்தினார். நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

நீ கேட்ட விசில் அதுதான், அருளு. பேண்டுக்காரன் எவனும் ஊதவில்லை. உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. நான் ஊதினேன், நீ தூக்கினாய், சொல்லிக்கொடுத்தபடி தூக்கினாய்.

இரும்புக் கவை இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வியது. நீலமாக ஒரு வெளிச்சம். வெடித்த சத்தத்தில் பேண்டு நின்றுபோனது. நீ மேல் இறக்கையில் விழுந்து, அதை உடைத்துக்கொண்டு கீழ் இறக்கையில் விழுந்து, அப்புறம் தார் ரோட்டில் விழுந்தாய். நீ கட்டிய இரட்டை இறக்கைதான் உன் தலையைக் காப்பாற்றியது. அதே நொடியில் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனது, அதனால் உயிரும் தப்பியது. அட்டை இறக்கை கட்டிய பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. நான் உன்னிடம் ஓடி வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். நான் முதலில் ஓடியது அந்தக் காக்கிச் சட்டையிடம். நீ செத்துக் கிடப்பதைப் பார்த்துவிடுவேனோ என்ற பயத்தில் வேறு பக்கம் ஓடினேன். அவர் சட்டையைப் பிடித்து, “லைனை நிறுத்திட்டேன்னு கைகாட்டினியேய்யா பாவி!” என்று உலுக்கினேன்.

“எந்த லைனுண்ணா? நான் ஆட்டோ ஓட்றவன். எம் பொண்ணு றெக்கை கட்டிக்கினு வருது பாரு, அதுக்குக் கை காட்டினேன்” என்றார் அவர். என் கையை விலக்கிவிட்டு அவர்தான் முதலில் உன்னிடம் ஓடினார். “ஜல்தி தூக்குண்ணா, மூச்சு இருக்குது” என்று கத்தினார். அவருடைய ஆட்டோவில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் உன் தலை என் மடியில் இருந்தது. உன் உள்ளங்கை கருகி இருந்தது. உனக்குச் சின்ன வயதில் கேப்பைக் கூழ் பிடிக்காது, துப்பிவிடுவாய், அதற்கு ஒரு தடவை அடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்காதே.

டாக்டர் பிழைத்துவிட்டாய் என்று சொன்ன பிறகுதான் ஜவுளிக்கடைக்காரர் வந்தார், கூடவே ஒரு போலீஸ்காரர். “அத்தினி கொழந்தைங்க இருந்துச்சுங்க. கம்பி அறுந்து விழுந்திருந்தா? யாருய்யா தூக்கச் சொன்னது?” என்றார் முதலாளி. என் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: “நான் விசிலே ஊதலீங்க. பையன் அவசரப்பட்டுட்டான். எளரத்தம், நாம சொல்றதுக்குள்ள கம்பத்தைத் தூக்கிடுது.” ‘எளரத்தம்’ என்று சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன் போலிருக்கிறது. போலீஸ்காரர், “பாத்துக் கூட்டிக்கினு வரக் கூடாதா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோக்காரர் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார். “வர்றேண்ணா. பையனைப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னார். திருவெண்ணெய்நல்லூரில் வாங்காத அறை அது.

கட்டு போட்ட கையோடு நீ என்னைக் கேட்டாய், “யப்பா, நீ விசில் ஊதினியா? எனக்குக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.” அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாம் இரண்டு பேர்தான். போலீஸ் இல்லை, முதலாளி இல்லை. “இல்லியேடா, பேண்டுக்காரன் எவனாவது ஊதியிருப்பான்” என்றேன். நீ “அப்ப நான்தான் பேஜாரு பண்ணிட்டேன்” என்று சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். என்னிடம்! நானும் பெரிய மனதோடு, “பரவால்ல விடு” என்றேன். அந்த ‘பரவால்ல’வை நினைத்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தெருவில் நடந்தால் தலைக்கு மேலே கம்பி இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீ குளிக்கப் போனால் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எவனாவது விசில் ஊதினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன். பஸ் கண்டக்டர் ஊதினாலும்தான். போன வாரம் பஸ்ஸில் இருந்து பாதியில் இறங்கி நடந்தே வந்தேன். ஆனால் இதெல்லாம் சின்னப் பயம். நீ ஒரு டம்ளரைத் தூக்கவும் இரண்டு கையால் பிடிக்கிறாயே, அதைப் பார்க்கிற பயம்தான் பெரியது. காயம் ஆறி எவ்வளவோ நாளாகிவிட்டது. கோளாறு நரம்பில் இல்லை, நான் உன் காதில் போட்ட பொய்யில் இருக்கிறது. உன் அம்மா ஒருநாள், “பையன் மூஞ்சியைப் பாத்தே நீ பேச மாட்டேங்கற, இன்னா விசயம்?” என்றாள். நான் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன்.

புத்தி சொல்லத் தகுதியில்லாதவன் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள். ஓசூருக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். குடோன் வேலை உனக்குப் பிடித்துப் போனால் சந்தோஷம். என் காது கெட்டது, என் கை கெட்டது என்று நினைத்துப் போகாதே. இரண்டும் சரியாக இருக்கிறது. கெட்டது நீ நம்பின ஆள். எந்த வேலைக்குப் போனாலும், உனக்கு மேலே இருக்கிறவன் சரி என்றால் உடனே தூக்கிவிடாதே. நிறுத்தியாச்சா, யார் நிறுத்தினது, நீ பார்த்தாயா என்று கேள். பயந்தாங்கொள்ளி என்பான், சொல்லிக்கொள்ளட்டும். நானும் ஒரு பெரிய மனிதரைச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் முன்னால் நீ தப்பு செய்தால், அன்றைக்கே சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் அது இரண்டு மடங்காகிறது. என்னைப் பார், ஒரு நாளில் முடிய வேண்டியதற்கு இத்தனை தாள் ஆகிறது.

என் மேல் உனக்குக் கோபம் வர வேண்டும். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு. அதுவும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நியாயமான பயம்.

உன்னிடம் எழுதினால் மட்டும் போதாது. உன்மேல்தான் தப்பென்று நினைப்பவர்கள் திண்டிவனத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் ஜவுளிக்கடையில்தான் கூடுவார்கள், ஹெட்மாஸ்டரும் வருவார். நான் இப்போது கிளம்புகிறேன். அவர்கள் எல்லோர் முன்னாலும் விசில் ஊதினது நான் என்று சொல்லப்போகிறேன். இந்தத் தடவை சிரிக்க வைக்க மாட்டேன். ஸ்டேஷனில் போய்ச் சொல்லு என்றால் அங்கேயும் போவேன். இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதலில் அவள் படிப்பாள், அதனால் நீ வரும்போது அவள் அழுதுகொண்டிருந்தால் பதறாதே.

என் செல்போன் டி.வி. மேல் இருக்கிறது. மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றுதான் வைத்துவிட்டுப் போகிறேன். உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் நீ கோபப்பட மாட்டாய். உடனே போன் போட்டு, “விடுப்பா, முடிஞ்சது முடிஞ்சு போச்சு, திரும்பி வா” என்பாய். அந்தக் குரலைக் கேட்டால் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நான் இறங்கி, எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அப்பா